எம்ராப்பும் எம்-ஏடிவியும்: பராமரிப்புச் சுமை

2007 மே மாதத்தில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் கண்ணிவெடித் தாக்குதலைத் தாங்கும் எம்ராப் கவச வண்டிகளின் கொள்முதலுக்கு முதலிடம் அளித்தபோது, ஒரே ஆலையால் தேவையான எண்ணிக்கையைத் தர இயலாது என்பதால், கூகர், மேக்ஸ்ப்ரோ, ஆர்ஜி-33, கைமேன் எனப் பல நிறுவனங்களின் வண்டிகள் ஒரே நேரத்தில் ஈராக்குக்கு அனுப்பப்பட்டன. வேகம் கிடைத்தது. ஆனால் வகைக்கு வகை எஞ்சினும் அச்சும் உதிரிபாகமும் கையேடும் வேறுபட்டதால், கிடங்குகளின் சுமை பெருகியது. படையின் சொந்த மெக்கானிக்குகள் பயிற்சி பெறும் வரை, தயாரிப்பாளர்கள் அனுப்பிய களப் பணியாளர்களையே பெரிதும் நம்ப வேண்டியிருந்தது.

ஆப்கானிஸ்தானின் கரடுமுரடான பாதைகளுக்காக 2009 ஜூனில் ஒப்பந்தமான எம்-ஏடிவி என்ற இலகுரக எம்ராப் வண்டி, ஆஷ்காஷ் என்ற ஒரே நிறுவனத்தின் தயாரிப்பு. அதன் டேக்-4 சஸ்பென்ஷன் மரைன் படையின் எம்டிவிஆர் லாரிகளில் முன்பே பழகியது என்பது (கவசத்தின் தடிமனைப் பற்றியே பேசுவோர் கவனிக்கத் தவறும் செய்தி இது) பராமரிப்பை எளிதாக்கியது. எனினும் அந்த ஒரே ஆலை தடைப்பட்டால் மாற்று வழியில்லை. உயிரிழப்பு பெருகிய 2007-இல் பல நிறுவனங்களிடம் வாங்கிய முதல் வழியே சரியானது என்பேன். நீண்டகாலப் பராமரிப்புக்கு இரண்டாவதே மேல்.