மார்புக் கட்டியை மூன்று தரம் வெட்டினார்கள், ஒரு றிப்போட்டும் தரவில்லை

யாழ்ப்பாணத்தில் மார்பில் கட்டி, வீக்கம் என்று தனியார் இடங்களுக்கு ஓடுகிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். இடத்தின் பெயரைப் போடவில்லை, கேட்டாலும் சொல்லமாட்டேன்.

போன வருடம் நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு இடது மார்பில் கல்லுப்போல ஒரு கட்டி, தொட்டால் உயிர்போகிற நோ. சின்னவனுக்கு அப்போது மூன்று வயது, பால் மறந்து ஒன்றரை வருடம். "பால் கட்டியிருக்கும், மல்லிகைப்பூ வைச்சுக் கட்டு பிள்ளை" என்றார் மாமி. கட்டினேன். மனதில் ஓடியதெல்லாம் தெல்லிப்பழைதான். எங்கள் பக்கத்தில் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே புற்றுநோய் ஆஸ்பத்திரி என்றுதான் அர்த்தம்.

தனியார் இடத்தில் டொக்டர் இரண்டு நிமிடம் பார்த்தார். சாதாரண சீழ்க்கட்டி, வெட்டினால் சரி என்றார். வெட்டி, பத்து நாளுக்கு அன்டிபயோட்டிக் தந்தார்கள். புண் ஆறவில்லை. ஆறு கிழமையில் பக்கத்திலேயே இன்னொரு கட்டி, இன்னொரு வெட்டு. தைப்பொங்கலுக்கு முதல்நாள் மூன்றாவது. ஒவ்வொரு தரமும் "இந்தமுறை வேரோட எடுத்திட்டம்" என்ற அதே கதை. என் மார்பில் என்ன கோரையா முளைத்திருந்தது?

இரண்டாவது, மூன்றாவது பில்களில் 'திசுப் பரிசோதனை 8,500 ரூபா' என்று ஒரு வரி இருந்தது. றிப்போட் கேட்டால் "கொழும்பில இருந்து வரேல்லை அக்கா." ஒரு மாதம் அலைந்தேன். கடைசியில் கவுண்டரில் இருந்த பிள்ளை கொப்பியை முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "சம்பிள் அனுப்பினதாப் பதிவில்லை" என்றாள். 17,000 ரூபா கட்டியிருக்கிறேன். வெட்டி எடுத்த சதை எங்கே போனது?

அப்புறம்தான் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் கேட்ட முதல் கேள்வியே, "முதல் வெட்டினதின்ர பயொப்சி (திசுப் பரிசோதனை) றிப்போட் எங்கை அம்மா?" ஸ்கான் பண்ணி, தடித்த ஊசியால் துண்டெடுத்தார்கள். புற்றுநோய் இல்லை, காசநோயும் இல்லை. கிரனுலோமட்டஸ் மாஸ்டைட்டிஸ் என்ற ஒருவகை மார்பு அழற்சி. காசநோயிலும் திசு இதேபோலத் தெரியுமாம். அதைத் தெரியாமல், இந்த நோய்க்குத் தருகிற, அழற்சியை அடக்கும் ஸ்டீரொயிட் மருந்தைக் கொடுத்தால் காசநோய் பரவிவிடும் என்பதால் அந்த முடிவு வரும்வரை மருந்து தரவில்லை.

திரும்பத் திரும்ப ஏன் வந்தது என்று அன்றுதான் விளங்கியது. சாதாரணச் சீழ்க்கட்டி என்றால் சீழ் போனதும் ஆறும். இதில் உடம்பின் சொந்தக் காவல் செல்களே பால் சுரக்கும் பகுதியைச் சுற்றித் திரண்டு முடிச்சாகின்றன. ஒன்றை வெட்டினாலும் சுற்றியுள்ள அழற்சி அப்படியே இருக்கும். வெட்டிய இடம் சீழ் கசியும் வழியாகிப் புரையோடும். பெரும்பாலும் பிள்ளை பெற்ற சில வருடங்களுக்குள் வரும். சிலரில் கொரினிபக்டீரியம் என்ற கிருமியும் சேர்ந்திருக்கும். அது கொழுப்புக்குள் ஒளிந்திருப்பதால் வழக்கமான அன்டிபயோட்டிக் சரியாகப் போய்ச் சேராது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் சாதாரணக் கல்ச்சர் சோதனையில் மெதுவாகத்தான் வளரும், ஆய்வுகூடத்துக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும். பால் சுரக்கவைக்கும் ஹோர்மோனான புரோலக்டின் கூடினாலும் இந்த நோய் வரலாம். வயிற்றுப் பிரட்டலுக்கு நான் மாதக்கணக்காகப் போட்ட டொம்பெரிடோன் குளிசை புரோலக்டினைக் கூட்டுமாம். நிறுத்தச் சொன்னார்கள்.

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை தொடங்கி மூன்றாம் கிழமை வீக்கம் இறங்கியது. சிலருக்கு மருந்தில்லாமலே மாதக்கணக்கில் தானாக அடங்குமாம். வைகாசியில் "சரி, சுகம்தானே" என்று நானே குளிசையை விட்டேன், திரும்ப வந்தது. அந்த ஒருமுறை முழுக்க என் பிழை. அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கவேண்டும், சட்டென்று விட்டால் உடம்புக்கே ஆபத்து. இதைப் படித்துவிட்டுப் பாமசியில் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்குச் சீனி, பிரஷர் எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் தந்தார்கள். உங்கள் கட்டி வேறெதுவாகவும் இருக்கலாம். யாராவது இரண்டாம்முறை வெட்டவேண்டும் என்றால், முதல் எடுத்த துண்டின் றிப்போட்டைக் கையில் தரச் சொல்லுங்கள்.

போன கிழமை அந்த இடத்துக்குப் போய்க் காசைக் கேட்டேன். மூலப் பில்லைத் தந்தால் ஒரு பரிசோதனைக் காசைத் திருப்பித் தருகிறோம் என்றார்கள். கொடுக்கவில்லை. இரண்டு பில்லும் அலுமாரியில், சின்னவனின் கிளினிக் கொப்பிக்குள் இருக்கின்றன.