70-200 எஃப் 2.8: ரெண்டு சீசன் தோள்ல தொங்கவிட்டு அலைஞ்சதுக்கு அப்புறம்

மொதல்லயே சொல்லிடறேன், ஃபுட்பால் கிரவுண்டுக்கு 200 எம்எம் பத்தாது. ஸ்போர்ட்ஸ் ஃபோட்டோ எடுக்கணும்னா இந்த 70-200 எஃப் 2.8 லென்ஸ்தான்னு (70-லேருந்து 200 எம்எம் வரைக்கும் ஜூம் ஆகும், எஃப் நம்பர் கொறைய கொறைய வெளிச்சம் ஜாஸ்தி உள்ள வரும்) எல்லாரும் சொல்றாங்களேன்னு வாங்கிட்டு, அந்தப் பக்க கோல் போஸ்ட்ல நடக்கறத இங்கேருந்து எடுத்துப் பாத்தா ஆளு எறும்பு மாதிரி இருக்கான். நானும் அப்படி நொந்தவன்தான். ஆனா ரெண்டு சீசன் ஆகியும் பேக்ல நிரந்தரமா இடம் புடிச்சிருக்கறது இதுதான், அது ஏன்னு சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

நான் காசு வாங்கிட்டு எடுக்கற ஆள் கிடையாது. ஃப்ரெண்ட்ஸுங்க ஞாயித்துக்கிழமை காலைல ஃபுட்பால் ஆடுவாங்க, அக்கா பொண்ணு இன்டோர் ஹால்ல பேட்மின்டன் ஆடுவா, இவங்களுக்காக எடுக்க ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி கையில இருந்தது 70-300, எஃப் 4.5-லேருந்து 5.6 போற சாதாரண ஜூம். வெயில்ல அருமையா எடுக்கும், நெஜமாவே குறை சொல்ல மாட்டேன். அதையே தூக்கிட்டு ஹாலுக்குள்ள போனேன் பாருங்க, அன்னிக்குத்தான் கண்ணு தொறந்துச்சு. ஷட்டர் 1/800 செகண்ட் வெச்சா ஐஎஸ்ஓ (சென்சார் வெளிச்சத்த எவ்ளோ கூட்டிக் காட்டணும்ங்கற நம்பர்) 12800-க்கு ஏறிடுது, மூஞ்சியெல்லாம் மணல் தூவுன மாதிரி, சரின்னு ஷட்டர 1/200-க்கு எறக்கினா ராக்கெட் புடிச்ச கையே காணோம், வெறும் கோடு. எஃப் 5.6-க்கும் 2.8-க்கும் வித்தியாசம் ரெண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு வெளிச்சம் உள்ள வருது, அதே ஷட்டர் ஸ்பீடுக்கு 12800 எங்கயோ அங்க 3200 போதும். புக்குல படிக்கும்போது இதெல்லாம் வெறும் நம்பர், ஹால்ல நிக்கும்போதுதான் அது எவ்ளோ பெரிய விஷயம்னு ஒறைக்கும்.

அப்படித்தான் செகண்ட் ஹேண்ட்ல ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ள கண்ணாடி வெச்ச கேமரா) காலத்து 70-200 எஃப் 2.8 வாங்கினேன். எந்தக் கம்பெனின்னு சொல்லல, ஏன்னா சொன்னா பேச்சு கம்பெனி சண்டைக்குப் போயிடும், அதுவுமில்லாம நான் சொல்லப்போற முக்கால்வாசி விஷயம் எல்லாக் கம்பெனி 70-200 2.8-க்கும் பொருந்தும். பாடி, அதாவது கேமரா, ஃபுல் ஃப்ரேம், பெரிய சென்சார்.

இப்ப அந்த 200 பத்தாதுங்கற கணக்குக்கு வருவோம். 1.8 மீட்டர் ஒசரமான ஆளு, கேமராவ படுக்கை வசத்துல புடிச்சிருக்கீங்க, 200-ல இருக்கீங்க, அவன் 15 மீட்டர்ல நின்னா தலையிலேருந்து கால் வரைக்கும் ஃப்ரேம் நெறைஞ்சிடும். 20 மீட்டர்ல முக்கால் ஃப்ரேம். 30 மீட்டர்ல பாதி. பெரிய ஃபுட்பால் கிரவுண்டோட அளவு 105-க்கு 68 மீட்டர், நீங்க சைடு லைன்ல நின்னா நடு மைதானமே 34 மீட்டர் தள்ளி இருக்கு, அங்கயே ஆளு பாதி ஃப்ரேமுக்கும் கம்மியாயிடுறான், எதிர்ப்பக்கம் போனா கால்வாசிக்கும் கொஞ்சம் கம்மி, அவ்ளோதான். ஏபிஎஸ்-சின்னு சொல்ற சின்ன சென்சார் பாடி வெச்சிருக்கறவங்களுக்கு இந்த இடத்துல ஒரு சந்தோஷம், 1.5 மடங்கு க்ராப்புல 200 எம்எம்ங்கறது 300 பாக்கற மாதிரி பாக்கும், ஆளு 23 மீட்டர்லயே ஃப்ரேம நெறைச்சிடுவான். கிரிக்கெட் பத்தி பேசவே வேணாம், பவுண்டரிக்கு வெளிய நின்னுட்டு பேட்ஸ்மேன் மூஞ்சி வேணும்னா 400, 500, 600-ன்னு போயிட்டே இருக்கணும்.

இது தெரிஞ்சதும் நான் செஞ்ச ஒரே மாத்தம், பந்து பின்னாடி ஓடறத விட்டுட்டேன். கோல் லைனுக்கு வெளிய, கார்னர் கொடிக்கும் போஸ்ட்டுக்கும் நடுவுல, ரெஃப்ரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு உக்காந்துடுவேன். அந்தப் பக்கம் என்ன நடந்தாலும் நடக்கட்டும், அது எனக்கில்ல. ஆட்டம் என்னை நோக்கி வரும்போது எல்லாரோட மூஞ்சியும் என் பக்கம், 200-ல ஆரம்பிச்சு, கிட்ட வர வர 70-க்குத் திருப்பிட்டே எடுக்கலாம். சைடு லைன்ல ஓடி ஓடி எடுத்த காலத்துல என்கிட்ட இருந்ததெல்லாம் முதுகும் நம்பரும்தான்.

இன்னொண்ணு, முட்டி போட்டு எடுங்க. நின்னுட்டு எடுத்தா பின்னாடி புல்லு, உக்காந்து எடுத்தா ஆளு வானத்துக்கு எதிர நிப்பான், பந்து காத்துல இருக்கறது தெரியும். ஆனா அமெச்சூர் கிரவுண்டுல உக்காந்தா பின்னாடி நிறுத்தியிருக்கற வண்டி, காயப்போட்ட துணி, ஃபோன் பாத்துட்டு நிக்கற சித்தப்பா எல்லாம் சேர்ந்து வரும். இங்கதான் 2.8 ரெண்டாவது தடவ காசுக்கு நியாயம் செய்யுது. 200-ல 2.8 தொறந்து 10 மீட்டர்ல ஃபோகஸ் பண்ணா கூர்மையா இருக்கற ஆழம் மொத்தமே ஏறக்குறைய 40 சென்டிமீட்டர்தான், மிச்சம் எல்லாம் கரைஞ்சு போயிடும். டிவில பாக்கற மாதிரி இருக்குன்னு பசங்க சொல்றது இந்தக் கரைஞ்ச பின்னணியத்தான், வேற ஒண்ணுமில்ல.

அதே 40 சென்டிமீட்டர்தான் வில்லனும். கண்ணுல ஃபோகஸ் விழல, முன்னாடி நீட்டுன முட்டியில விழுந்துச்சுன்னா கதை முடிஞ்சுது. என் லென்ஸ்ல மொத ரெண்டு மாசம் இதேதான், பத்துல ஆறு ஃபோட்டோல ஆளுக்கு முன்னாடி இருக்கற புல்லு பளிச்சுன்னு இருக்கு, ஆளு மொழுக்குன்னு இருக்கான். வித்தவர்கிட்ட கேட்டா உங்க கை ஆடுதுன்னாரு. 1/1600-ல எப்படிங்க கை ஆடும்? அப்புறம் ஒருநாள் வீட்ல ட்ரைபாட்ல வெச்சு, ஸ்கேல சாய்ச்சு வெச்சு எடுத்துப் பாத்தேன், லென்ஸ் முன்னாடி ஃபோகஸ் பண்ணிட்டிருக்கு. பாடியில ஏஎஃப் (ஆட்டோ ஃபோகஸ்) ஃபைன் ட்யூன்னு ஒரு செட்டிங் இருக்கும் (கம்பெனிக்குக் கம்பெனி பேரு மாறும்), அதுல கொஞ்சம் கொஞ்சமா தள்ளித் தள்ளி சரி பண்ணேன். ஒரு மத்தியானம் முழுக்க ஆச்சு, ஆனா அதுக்கப்புறம் அது வேற லென்ஸ். மிரர்லெஸ்ல, அதாவது கண்ணாடி இல்லாத புது கேமராக்கள்ல, சென்சாரே ஃபோகஸ் பாக்கறதால இந்தத் தலைவலி ஏறக்குறைய கிடையாது. டிஎஸ்எல்ஆர்ல பழைய லென்ஸ் போடறவங்க வாங்கின அன்னிக்கே இந்த டெஸ்ட்ட பண்ணிடுங்க, என்னை மாதிரி ரெண்டு மாசம் உங்களையே திட்டிக்கிட்டு இருக்காதீங்க.

ஃபோகஸ் சரியானதும் மோட்டார் எவ்ளோ வேகம்னு புரிஞ்சுது. ஆளு நகர நகர ஃபோகஸும் கூடவே போற கன்டினியூவஸ் மோட்ல வெச்சு, ஃபோகஸ் பண்றத ஷட்டர் பட்டன்லேருந்து எடுத்து பின்னாடி கட்டைவிரல் பட்டனுக்கு மாத்திட்டேன், வேற யாராவது குறுக்க ஓடினா கட்டைவிரல எடுத்துடுவேன், ஃபோகஸ் அங்கயே நிக்கும், ஓடிப்போனதும் திரும்ப அழுத்துவேன். லென்ஸ் பக்கவாட்டுல ஃபோகஸ் லிமிட்டர் சுவிட்ச் ஒண்ணு இருக்கும், நிறைய பேர் அத தொடறதே இல்ல. கிட்டத்துல தேடாதன்னு அதுகிட்ட சொல்லி வெச்சீங்கன்னா, தப்பித்தவறி ஃபோகஸ் விட்டுப்போனாலும் கடைசி வரைக்கும் போயி தேடிட்டு வராது, டக்குனு புடிக்கும்.

ஸ்டெபிலைசர் பத்தி ஒரு பெரிய தப்பான நம்பிக்கை சுத்திக்கிட்டு இருக்கு. அது உங்க கை ஆடறதத்தான் புடிக்கும், ஓடறவன நிறுத்தாது. செகண்டுக்கு 25 மீட்டர் போற பந்து 1/1000-ல 2.5 சென்டிமீட்டர் நகரும், 1/250-ல 10 சென்டிமீட்டர், இதுல ஸ்டெபிலைசர் என்ன செய்ய முடியும் சொல்லுங்க. நான் 1/800-க்கு மேல போனா அத அணைச்சே வெச்சிருக்கேன். உதவற ஒரே இடம் பேனிங், சைக்கிள் ரேஸ்ல 1/60 வெச்சு ஆளோட சேர்ந்தே கேமராவத் திருப்பும்போது ரெண்டாவது மோட்ல போட்டா மேலும் கீழும் ஆடறத மட்டும் புடிக்கும், பக்கவாட்டுல விட்டுடும். அம்பது எடுத்தா ரெண்டு தேறும், ஆனா அந்த ரெண்டும் மத்த எல்லாத்தையும் தூக்கி சாப்பிட்டுடும்.

இப்ப ஹால். என்னைக் கேட்டா இந்த லென்ஸ் பொறந்ததே இதுக்குத்தான். பேட்மின்டன் கோர்ட் நீளமே 13.4 மீட்டர், பேஸ் லைனுக்குப் பின்னாடி ஓரமா உக்காந்தீங்கன்னா எதிர்ப்பக்க ஆள் கரெக்டா 150-200-க்குள்ள வந்து நிப்பாரு, நெட்டுக்கு வந்தா 100, இந்தப் பக்க ஆளுன்னா 70 கூட சில சமயம் டைட்டு. அக்கா பொண்ணோட மேட்ச் ஃபோட்டோக்கள ஒருநாள் உக்காந்து பாத்தேன், நல்லா வந்ததுல பாதிக்கு மேல 135-க்குக் கீழதான் எடுத்திருக்கேன். இத்தனைக்கும் நான் வாங்கினது 200-க்காக! வாலிபாலும் அப்படித்தான், பாஸ்கெட்பால்ல ரிங்குக்கு அடியில உக்காந்தா 70-யே நீளம், அங்க சின்ன லென்ஸ் தனியா வேணும்.

ஹால்ல லென்ஸ் மேல பழி போடக்கூடாத ஒரு விஷயம் இருக்கு. தொடர்ந்து எட்டு ஃபோட்டோ அடிச்சா ரெண்டு வெளிச்சமா, ரெண்டு மங்கலா, ஒண்ணு பாதி மஞ்சளா வரும். நான் லென்ஸோட அபர்ச்சர் பிளேடு (வெளிச்சம் வர்ற ஓட்டையத் தொறந்து மூடற தகடு) மாட்டிக்குதுன்னு நெனச்சு ராத்திரி தூங்கவே இல்ல. கடைசில பாத்தா அது லைட்டு. 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல ஓடற லைட்டு பலதும் செகண்டுக்கு 100 தடவ ஏறி எறங்குது, நம்ம கண்ணுக்குத் தெரியாது, 1/800 ஷட்டருக்குத் தெரியும். பாடியில ஆன்ட்டி ஃப்ளிக்கர் இருந்தா போடுங்க, லைட்டு உச்சத்துக்கு வரும்போது பாத்து அடிக்கும், வேகம் கொஞ்சம் குறையும். கேனான்ல 2014-ல வந்த 7டி மார்க் 2-லயே இந்த வசதி இருந்துச்சு, அதனால பழைய பாடின்னு விட்டுடாம மெனுவுல தேடிப் பாருங்க. ஃப்ளாஷ் மட்டும் போட்ராதீங்க, ஷட்டில்காக்க அண்ணாந்து பாக்கற புள்ள கண்ணுல அடிச்சா என்ன ஆகும்.

வெயிட்டு. இதுல பொய் சொல்ல மாட்டேன், கனம்தான். டிஎஸ்எல்ஆர் காலத்து 70-200 2.8 ஒண்ணரைக் கிலோவ ஒட்டி இருக்கும், பாடியோட சேத்தா ரெண்டரைக்குப் பக்கமா போயிடும். மொத பாதி ஆட்டத்துல ஒண்ணும் தெரியாது, ரெண்டாவது பாதில எடது மணிக்கட்டு கூப்பிட ஆரம்பிக்கும், நம்ம ஆளு கோல் அடிக்கறது எப்பவும் நாம கேமராவக் கீழ வெச்ச அந்த நிமிஷத்துலதான். மோனோபாட், அதாவது ஒத்தக்கால் ஸ்டாண்ட் வாங்குங்க. பாடியில மாட்டாம லென்ஸ் காலர்ல (லென்ஸச் சுத்தி இருக்கற வளையம்) மாட்டுங்க, காலர் ஸ்க்ரூவ லேசா தளர்த்தி வெச்சா நிமித்தி எடுக்கறதுக்கும் படுக்க வெச்சு எடுக்கறதுக்கும் சட்டுனு திருப்பிக்கலாம். காசு இருக்கறவங்களுக்கு மிரர்லெஸ்ல நிலைமை மாறிடுச்சு, சோனியோட ரெண்டாவது ஜிஎம் 70-200 2.8 1045 கிராம், கேனான் ஆர்எஃப் 70-200 2.8-ல மொதல்ல வந்தது 1070 கிராம். அந்தக் கேனான் ஜூம் பண்ணா நீளும், அதனால பேக்ல சின்னதா அடங்கும், சில பேருக்கு அந்த நீளறதே புடிக்காது. 2024-ல நீளாத மாடலும் விட்டுட்டாங்க.

லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவுல மாட்டி தூரத்தக் கூட்டற 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் ஒண்ணு இரவல் வாங்கிப் போட்டுப் பாத்தேன், 280 எஃப் 4 ஆகுது, பகல்ல ஃபுட்பாலுக்கு நல்லாவே இருந்துச்சு. 2 மடங்கு போட்டா 400 எஃப் 5.6, என்னோட பழைய லென்ஸ்ல அது கொழகொழன்னு வந்துச்சு, ஃபோகஸும் யோசிச்சு யோசிச்சு புடிச்சுது, ஒரே நாள்ல திருப்பிக் குடுத்துட்டேன். மத்தியான வெயில்ல தரையிலேருந்து அனல் அலை எழும்பற நேரத்துல தூரத்து ஆள எடுத்தா எந்த லென்ஸா இருந்தாலும் தண்ணிக்குள்ள பாக்கற மாதிரிதான் வரும், அதுக்கு லென்ஸத் திட்டாதீங்க.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கறதா இருந்தா டார்ச் எடுத்துட்டுப் போங்க. பின்பக்கத்துலேருந்து அடிச்சு முன்னாடி பாருங்க, சிலந்தி வல மாதிரி எதுனா தெரிஞ்சா ஃபங்கஸ், அப்படியே வெச்சுட்டு வந்துடுங்க, எவ்ளோ கொறச்சாலும் வேணாம். தூசு ரெண்டு மூணு இருந்தா பரவால்ல, ஃபோட்டோல தெரியாது. கிட்டயும் தூரமும் மாத்தி மாத்தி ஃபோகஸ் பண்ணிப் பாருங்க, மோட்டார் கீச்சுன்னு கத்துச்சுன்னா சந்தேகப்படுங்க. ஸ்டெபிலைசர போட்டு வ்யூஃபைண்டர்ல படம் துள்ளுதா பாருங்க. ட்ரைபாட் காலர் இருக்கான்னும் கேளுங்க, அதத் தனியா வாங்கப் போனா அநியாய வெல சொல்றாங்க.

பகல்ல மட்டும், வெளியில மட்டும் எடுக்கறீங்கன்னா இத வாங்காதீங்க. ஒரு 70-300-ஓ 100-400-ஓ வாங்கினா கனமும் கம்மி, தூரமும் ஜாஸ்தி, நல்ல வெயில்ல 5.6 தாராளம். ஹால், சாயங்கால ஆட்டம், ஃப்ளட் லைட்டு இதெல்லாம் உங்க பசங்க ஆட்டத்துல இருந்தா மட்டும் இதுக்கு வாங்க, அப்பவும் புதுசு வேணாம், நல்லா வெச்சிருந்த பழசு ஒண்ணு போதும்.

என் 70-300-அ விக்கறதுக்குத் தொடச்சு டப்பால போட்டு வெச்சிருந்தேன். போன மாசம் காலை மேட்ச்சுக்கு மணிக்கட்டு வலிக்குதேன்னு அதத்தான் எடுத்துட்டுப் போனேன், எதிர்ப்பக்க கோல் ஒண்ணு அழகா மாட்டுச்சு. டப்பா இப்ப காலியா இருக்கு.