உலாவுவதா, உலாத்துவதா?

நுவரெலியாவில் கிரகரி வாவியோரம் நின்றபோது, யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னார்: "வாங்கோ, ஒருக்கா உலாத்திட்டு வருவம்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவனுக்கு அது திட்டு. பள்ளிவிட்டு நேரே வீடு வராவிட்டால், "எங்கடா உலாத்திட்டு வர்ற?" என்பார் அம்மா. நண்பருக்கோ அது காற்று வாங்கும் நடை, அவ்வளவுதான்.

உலாவுதல் கொஞ்சம் உடுத்திக்கொண்டு வரும் சொல். மனிதர் மட்டுமல்ல, தென்றலும் வதந்தியும்கூட உலாவும். மூடுபனி உலாத்துகிறது என்று எழுதிப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். சாமி வீதி உலா வருகிறது. தலைவன் பவனி வர, பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்கள் மயங்குவதாகப் பாடும் சிற்றிலக்கியத்துக்கும் உலா என்றே பெயர். சுற்றுலாவும், நாம் இணையம் திறக்கும் உலாவியும் அதே குடும்பம்.

உலாத்துவதற்கு இந்தப் பரப்பு இல்லை. ஆனால் ஒரு வசதி உண்டு: பிறரையும் உலாத்தலாம். அழும் குழந்தையைத் தோளில் போட்டு வாசலில் உலாத்துகிறோமே, அங்கே உலாவுதல் எடுபடாது.

எழுத்துக்கு என் கை உலாவுதலைத்தான் தேடும். பேச்சில் உலாத்துதலுக்கே ருசி அதிகம். கொழுந்துக் கூடையோடு மலை ஏறுவதற்கு மட்டும் இரண்டுமே ஒட்டாது.

சரி, அன்று வாவியைச் சுற்றி உலாத்தினோம். அம்மாவிடம் சொல்லவில்லை.