7 அடியா, 4 அடி எட்டரை அங்குலமா?

இங்கிலாந்தில் லண்டனிலிருந்து பிரிஸ்டலுக்கு கிரேட் வெஸ்டர்ன் ரயில் பாதையை அமைத்த பொறியாளர் புரூனல், தண்டவாளங்களுக்கு இடையே 7 அடி கால் அங்குலம் விட்டார். இதுதான் அகலப் பாதை. நாட்டின் மற்ற பகுதிகளில் ரயில் முன்னோடி ஸ்டீஃபன்சனின் 4 அடி எட்டரை அங்குலம், அதாவது குறுகிய பாதைதான் பரவிக்கொண்டிருந்தது.

ஓட்டத்தை மட்டும் பார்த்தால் என் ஓட்டு அகலப் பாதைக்கே. ஆட்டம் குறைவு, வேகம் அதிகம். 1845-ல் இந்த இரண்டு அளவுகளையும் ஆராய்ந்த அரசு ஆணையத்துக்காக நடந்த சோதனை ஓட்டங்களிலும் அகலப் பாதை எஞ்சின்தான் முந்தியது.

சரி, அப்புறம் ஏன் தோற்றது? நீளம்தான் காரணம். அப்போது குறுகிய பாதை சுமார் 1,900 மைல், அகலப் பாதை 270 மைல்தான். இரண்டும் சந்தித்த குளோஸ்டர் நகரில் போய் நின்றால் கஷ்டம் புரிந்திருக்கும். ஒவ்வொரு மூட்டையையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்ற வேண்டும். பயணிகளும் மூட்டைமுடிச்சோடு ரயில் மாற வேண்டும். எவ்வளவு வேகமாக வந்து என்ன பயன்?

1846-ல் வந்த சட்டம் குறுகிய அளவையே பொது விதியாக்கியது. நல்ல பொறியியல் இப்படி ஒதுக்கப்பட்டதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. 1892 மே மாதம், ஒரே வார இறுதியில், 4,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் தென்மேற்கு இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகருக்கு மேற்கே மிச்சமிருந்த அகலப் பாதையின் தண்டவாளங்களை உள்ளே தள்ளிப் பொருத்தினார்கள். புரூனல் இறந்து அப்போது கிட்டத்தட்ட 33 வருடங்கள் ஆகியிருந்தன.