கிளாசிக் 350-ஐக் கொடுத்துவிட்டு ஸ்ப்ளெண்டர் எடுத்தால்

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ஐ எக்ஸ்சேஞ்சில் விட்டு ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ் எடுப்பவர்கள் எல்லாரும் முதலில் கவலைப்படுவது இழுவையைப் பற்றித்தான். 20 குதிரைத்திறனிலிருந்து 8-க்கு இறங்கினால் வண்டி நகருமா என்று கேட்பார்கள். ஊருக்குள் தாராளமாக நகரும். படுத்தி எடுப்பது இடது கால். அடுத்தது பிரேக், அதற்கடுத்து பைபாஸ் காற்று. இழுவைக்கு நாலாம் இடம்தான்.

இங்கே பேசுவது 2021 செப்டம்பரில் வந்த ஜே வகை என்ஜின் கிளாசிக்கையும், 2020 முதல் வரும் பி.எஸ்.6 (புகை மாசு விதிக்கு ஏற்ற) ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் ஸ்ப்ளெண்டரையும் வைத்து.

கியரிலிருந்தே தொடங்கலாம், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கிளாசிக்கில் முதல் கியர் கீழே, மற்ற நாலும் மேலே. முன்பக்கம் மிதித்தால் கியர் இறங்கும், குதிகாலால் பின்பக்கம் மிதித்தால் ஏறும். ஸ்ப்ளெண்டரில் நாலு கியரும் முன்பக்கம் மிதித்தே விழும். குதிகாலால் மிதித்தால் இறங்கும். அதாவது கால் பழகி வைத்திருப்பது அத்தனையும் அப்படியே தலைகீழ். இரண்டாவது கியரில் 35-ல் போகும்போது பழைய ஞாபகத்தில் குதிகாலை வைத்து அமுக்கினால் மூன்றாவது விழாது, முதல் கியர் விழும். கிளட்ச்சை விட்டதும் என்ஜின் அலறும், பின்சக்கரம் ஒரு கணம் பிடித்து இழுக்கும். காய்ந்த ரோட்டில் ஒரு குலுக்கலோடு போய்விடும். மழை ஈரத்திலோ, மணல் கிடக்கும் திருப்பத்திலோ பின்பக்கம் விலகிவிடும். எதிர்த்திசைத் தப்பு இவ்வளவு மோசமில்லை: ஸ்பீடு பிரேக்கருக்கு முன்னால் கியரைக் குறைப்பதாக நினைத்து முன்பக்கம் மிதிப்பீர்கள், கியர் ஏறிவிடும், வண்டி திக்கித் திணறி நின்றுவிடும். பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார், அவ்வளவுதான்.

இன்னொரு வித்தியாசத்தை ஷோரூமில் யாரும் சொல்வதில்லை. கிளாசிக்கில் நியூட்ரல் முதலுக்கும் இரண்டுக்கும் நடுவில். ஸ்ப்ளெண்டரில் அது வரிசையின் கடைசியில். சிக்னலில் நிற்கும்போது இது சுகம்: குதிகாலால் மிதித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மீட்டரில் நியூட்ரலின் பச்சை விளக்கு எரிந்துவிடும், தேட வேண்டியதில்லை. மலை இறக்கத்தில் இதுவே வினை. முதல் கியருக்கு வந்துவிட்டது தெரியாமல் இன்னொரு மிதி மிதித்தால் நியூட்ரலுக்குப் போய்விடும், என்ஜின் பிடிமானம் சட்டென்று அற்றுவிடும். ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது அது நடக்கக் கூடாது. இறக்கத்தில் இரண்டாவது கியரில் வைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுவது நல்லது.

பழக எளிய வழி, காலியான மைதானம். நின்ற இடத்தில் முதல் கியர் போட்டுக் கிளம்பி, நாலு வரை ஏற்றி, மறுபடி ஒவ்வொன்றாக இறக்கி நியூட்ரலில் நிறுத்துவது. ஒவ்வொரு மிதிக்கும் முன்னால் வாயால் ‘முன்னால் ஏற்றம், பின்னால் இறக்கம்’ என்று சொல்லிக்கொண்டு செய்தால் சிரிப்பாக இருக்கும், ஆனால் சீக்கிரம் படியும். வீட்டில் இன்னொரு வண்டி பழைய கியர் முறையில் இருந்து இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினால் பழக்கம் படிய ரொம்ப நாளாகும். முதல் மாதம் ஒன்றையே ஓட்டுங்கள். கியர் லீவர் உங்கள் பாதத்துக்கு உயரமாகவோ தாழ்வாகவோ இருந்தால் 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் போல்ட்டைத் தளர்த்தி, லீவரை ஒரு பல் நகர்த்தி மாட்டலாம். குதிகால் பக்கம் சரியாக எட்டாமல்தான் பலருக்குக் கியர் பாதியில் நிற்கிறது.

இனி பிரேக். கிளாசிக்கின் பெரும்பாலான மாடல்களில் முன்னால் 300, பின்னால் 270 மி.மீ. டிஸ்க், இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு. பதறி முழுவதும் பிடித்தாலும் வண்டி காப்பாற்றிவிடும். ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸில் இரண்டு பக்கமும் 130 மி.மீ. டிரம், ஏபிஎஸ் இல்லை. ஐபிஎஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏபிஎஸ் என்று நினைப்பவர்கள் உண்டு. அது, பின் பிரேக்கை மிதித்தால் ஒரு கேபிள் வழியாக முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும் ஏற்பாடு. சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்காது. ஆகவே இரண்டு விரலால் தொட்டு நிறுத்திய பழக்கத்தை விட்டு, நாலு விரலும் வைத்து, முன்னும் பின்னும் சேர்த்து, படிப்படியாக அழுத்தம் கூட்டிப் பிடிக்க வேண்டும். முன்னால் போகும் வண்டியோடு இடைவெளியையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஸ்ப்ளெண்டரின் எக்ஸ்டெக் வரிசையில் முன் டிஸ்க் வைத்த மாடலும் வருகிறது. கிளாசிக்கிலிருந்து வருபவருக்கு அதில் போடும் கூடுதல் பணம் வீண் போகாது.

டிரம் பிரேக்கில் கை வேலை அதிகம். பின் பெடலில் 20 முதல் 30 மி.மீ. வரை வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். லைனிங் தேயத் தேய அது கூடும், ராடு நுனியில் உள்ள நட்டைத் திருகிக் குறைக்கலாம். இங்கேதான் அடிக்கடி தப்பு நடக்கிறது. பிரேக் பிடிக்கவில்லை என்று இறுக்கி விடுவார்கள், ஐபிஎஸ் கேபிளும் சேர்ந்து இழுபட்டு முன் டிரம் லேசாகப் பிடித்தபடியே ஓடும். மைலேஜ் குறைகிறது என்று ஷோரூமுக்கு வரும் வண்டிகளில் இதை முதலில் பார்க்க வேண்டும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு ஒவ்வொரு சக்கரமாகக் கையால் சுற்றிவிடுங்கள்; தடையில்லாமல் சில சுற்று ஓட வேண்டும். வாட்டர் வாஷ் முடிந்து வெளியே வந்ததும் டிரம் உள்ளே ஈரம் இருக்கும், முதல் ஓரிரு பிடி வழுக்கும். தெரு முனைக்குப் போகும் முன்பே மெதுவாக இரண்டு தடவை பிடித்துக் காயவைத்துக்கொள்ளுங்கள்.

எடைக்கு வருவோம். கிளாசிக் 195 கிலோ, ஸ்ப்ளெண்டர் 112. நடுவில் உள்ள 83 கிலோ ஒரு முழு ஆள். நெரிசலிலும், கடை வாசலில் வண்டியைத் திருப்பும்போதும், பஞ்சராகித் தள்ளும்போதும் இந்தக் குறைவு வரம். செங்கல்பட்டு தாண்டிய ஜிஎஸ்டி ரோட்டிலோ ஈசிஆரிலோ 75-ல் போகும்போது பக்கத்தில் ஒரு ஆம்னி பஸ் கடந்தால் கதை வேறு. முதலில் காற்று வண்டியை வெளியே தள்ளும், பஸ் கடந்ததும் உள்ளே இழுக்கும். 80/100-18 டயரும் 1,236 மி.மீ. வீல்பேஸும் (இரு சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஹேண்டிலை இறுகப் பிடித்தால் ஆட்டம் கூடும். முழங்காலால் டேங்கை அணைத்து, கையைத் தளர்த்தி, கண்ணாடியில் பஸ் தெரியும்போதே ஒரு அடி இடம் விட்டு ஓட்டுங்கள். இதற்குப் பயந்து அகல டயர் போடச் சொல்பவர்கள் கிடைப்பார்கள். போடாதீர்கள். செயின் கவரில் உரசும், மைலேஜ் போகும், திருப்பத்தில் வண்டி மந்தமாகும். காற்றைச் சரியாக வைப்பதே போதும்: முன்னால் 25, தனியாகப் போனால் பின்னால் 28, டபுள்ஸ் என்றால் பின்னால் 40. பெட்ரோல் பங்க்கில் ‘முப்பது முப்பது அடிப்பா’ என்று சொல்லும் புல்லட் பழக்கம் இங்கே சரிப்படாது. பின் ஷாக் அப்சார்பரிலும் ஐந்து நிலை உண்டு. டெலிவரியில் வந்தபடியே கடைசி வரை ஓட்டுபவர்கள்தான் அதிகம். தனியாக இரண்டாவது, பின்னால் ஆள் ஏறினால் நாலாவது வைத்துப் பாருங்கள், முதுகு நன்றி சொல்லும்.

இழுவை விஷயத்தில் எண்களே எல்லாம் சொல்லிவிடுகின்றன. கிளாசிக்கின் சிலிண்டர் 72 மி.மீ. அகலம், பிஸ்டன் ஓட்டம் 85.8 மி.மீ. நீண்ட ஓட்டம் என்பதால் 4,000 சுற்றிலேயே 27 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை. ஸ்ப்ளெண்டர் 50-க்கு 49.5, 97.2 சிசி. 6,000 சுற்றில் 8 நியூட்டன் மீட்டர். அதனால் டாப் கியரில் 30-ல் உருட்டிக்கொண்டு போய், ஆக்சிலேட்டரைத் திருகினால் ‘தட தட’ என்று ஏறும் அந்தச் சுகம் இங்கே கிடையாது. நாலாவது கியரில் 25-ல் திருகினால் என்ஜின் இடிக்கும், செயின் அடிக்கும், வேகம் வராது. 15 வரை முதல், 30 வரை இரண்டு, 40, 45 வரை மூன்று, அதற்கு மேல் நாலு என்று வைத்துக்கொண்டால் என்ஜின் முனகாது. ஓவர்டேக்குக்கு மூன்றாவதுக்கு இறக்கிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். 60-க்கு மேல் போகும் லாரியை இருவழிச் சாலையில் ஏறிக் கடக்கும் எண்ணத்தையே விட்டுவிடலாம். மலையில் டபுள்ஸ் என்றால் இரண்டாவது, கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி உள்ள பாதையில் வளைவுக்கு வளைவு முதல் கியர். ஏறும், ஆனால் பொறுமை வேண்டும். 60 வரை வண்டி அமைதி. 70 தாண்டினால் கால் வைக்கும் இடத்திலும் சீட்டிலும் நடுக்கம் தெரியும். கிளாசிக்கில் என்ஜின் நடுக்கத்தைக் குறைக்கும் பேலன்சர் ஷாஃப்ட் இருப்பதால் அந்தப் பழக்கத்தில் வருபவருக்கு இது கூடுதலாக உறுத்தும்.

ஒரு வேடிக்கை: புல்லட் என்றாலே கிக்கர் என்பார்கள். ஜே வகை கிளாசிக்கில் கிக்கரே கிடையாது. ஸ்ப்ளெண்டரில் இருக்கிறது. ஆனால் பேட்டரி 12 வோல்ட், 3 ஆம்பியர் மணிதான். முழுக்க இறங்கிவிட்டால் இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஃப்யூல் பம்ப் ஓடாது, கிக் அடித்தும் பயனில்லை. ஏர் ஹாரன், கூடுதல் ஃபோக் லைட் எல்லாம் மாட்டி அந்தப் பேட்டரியைச் சாகடிக்காதீர்கள். ஹெட்லைட் 35 வாட் ஹாலோஜன். கிளாசிக்கின் 55, 60 வாட்டுக்குப் பழகிய கண்ணுக்கு இருட்டு ரோட்டில் முதல் வாரம் ஒன்றும் தெரியாது; இரவில் 50-க்கு மேல் போகாமல் இருப்பதுதான் தீர்வு. ஐ3எஸ் சுவிட்ச் போட்டிருந்தால் சிக்னலில் நியூட்ரலில் நின்ற சில நொடியில் என்ஜின் தானே அணையும். வண்டி நின்றுவிட்டது என்று செல்ஃபைத் தேட வேண்டாம், கிளட்ச்சை அழுத்தினாலே கிளம்பிவிடும்.

ஆயில் விஷயத்தில் கிளாசிக் ஓட்டியவர்கள் சோம்பேறிகளாகி இருப்பார்கள். அதில் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஸ்ப்ளெண்டரில் 10W-30 ஆயில் 900 மில்லிதான் பிடிக்கும். 3,000-ல் அளவு பார்த்து நிரப்பி, 6,000-ல் மாற்ற வேண்டும். 200 மில்லி குறைந்தால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். அளவு பார்க்கும்போது சென்டர் ஸ்டாண்ட் போட்டு, குச்சியைத் துடைத்து, மரையைத் திருகாமல் சும்மா உள்ளே விட்டு எடுங்கள். திருகிப் பார்த்தால் குச்சி ஆழமாகப் போய், இல்லாத ஆயிலை இருப்பதாகக் காட்டும். மாற்றிப் போட காகித ஃபில்டர் கிடையாது. கிளட்ச் கவருக்குள் சுற்றும் தட்டில்தான் கசடு சேரும், கவரைக் கழற்றும் வேலை வந்தால் அதையும் சுத்தம் செய்யச் சொல்லிக் கேளுங்கள். சொல்லாவிட்டால் செய்ய மாட்டார்கள்.

கணக்கு பார்ப்போம். மாதம் 1,000 கி.மீ. ஓட்டம் என்று வைத்தால், லிட்டருக்கு 35 தரும் கிளாசிக்குக்கு இருபத்தெட்டரை லிட்டர், 65 தரும் ஸ்ப்ளெண்டருக்குப் பதினைந்தரை. லிட்டர் நூறு ரூபாய் என்றால் மாதம் 1,300 மிச்சம். டேங்க் 13 லிட்டரிலிருந்து 9.8-க்குச் சுருங்கினாலும் ஒரு முழு டேங்க்குக்குப் போகும் தூரம் 450-லிருந்து 600-ஐத் தாண்டுகிறது. ரிசர்வ் சாவி கிடையாது. பம்ப் டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியபடி இருப்பதால் காய விடாதீர்கள். மூன்றாம் நபர் காப்பீடு, 2022 ஜூனில் நிர்ணயித்த விகிதப்படி, வருடத்துக்கு 1,366 ரூபாயிலிருந்து 714-க்கு இறங்கும். வாரம் தவறாமல் டபுள்ஸில் நெடுஞ்சாலைப் பயணம் உள்ளவர்களுக்கு இந்த மிச்சம் ஈடாகாது. அவர்கள் 125 அல்லது 150 சிசியில் நிற்பது நல்லது. ஆபீஸ், மார்க்கெட், பள்ளிக்கூடம் என்று நாளைக்கு 30, 40 கி.மீ. ஓடுபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி குறைவு. ஒரே எரிச்சல், டீக்கடை வாசலில் ஒரே மாதிரி ஏழெட்டு கறுப்பு ஸ்ப்ளெண்டர் நிற்கும். சாவியை அடுத்தவன் வண்டியில் போட்டுத் திருகிக்கொண்டிருப்பீர்கள்.

எக்ஸ்சேஞ்சில் விடும் முன் இரண்டு வேலை. பழைய வண்டியில் கிளெய்ம் இல்லாத போனஸ் சேர்ந்திருந்தால் அது வண்டிக்கல்ல, உங்களுக்குச் சொந்தம். 50 சதவீதம் வரை போகும் அந்தத் தள்ளுபடியைத் தக்கவைக்கும் கடிதத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டு வாங்கி, புது வண்டியின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் கழிக்கச் சொல்லுங்கள். அடுத்தது, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டு நகலும் டெலிவரி ரசீதும் வைத்துக்கொள்வது. கடன் இருந்தால், ஆர்சியிலிருந்து அதை நீக்கும் படிவம் 35-உம் வங்கியின் தடையில்லாச் சான்றும் (என்ஓசி) வேண்டும். ஆர்சியில் பெயர் மாறாத வரை விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவு உரிமையாளருக்குத்தான் என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆகவே மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் பழைய நம்பரைப் போட்டு, பெயர் மாறிவிட்டதா என்று மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மாறவில்லை என்றால் வண்டி எடுத்த ஷோரூமில் எழுத்தில் கேளுங்கள்.