தாத்தாவின் டபுள் பேரல், கிணற்றடி இன்ஜின், சித்தப்பாவின் ஆர்.எக்ஸ். 100: எதற்கு ஆள் வருகிறது?

பாலக்கோடு பக்கம் எங்கள் பூர்வீக வீட்டைப் பாகம் பிரித்தபோது மூன்று பொருள்கள் யார் பங்கிலும் சேராமல் நின்றன. தாத்தாவின் பன்னிரண்டு போர் (குழலின் அளவு அது) இரட்டைக்குழல் துப்பாக்கி, கிணற்றடியில் கிடந்த லிஸ்டர் மாடல் ஆயில் இன்ஜின், சித்தப்பாவின் யமஹா ஆர்.எக்ஸ். 100. சரி, விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்று முடிவானது. முப்பது வருஷத்துக்கு முன்னால் விற்றிருந்தால் துப்பாக்கிக்குத்தான் முதலில் ஆள் வந்திருக்கும், வண்டி கடைசி. இன்று அப்படியே தலைகீழ்.

தாத்தா மணியக்காரர். பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவி 1980இல் ஒழிக்கப்பட்டபோது அவரிடம் மிஞ்சிய கௌரவம் அந்தத் துப்பாக்கிதான். பர்மிங்ஹாமின் வெப்லி அண்ட் ஸ்காட் செய்தது, கட்டையில் நல்ல வேலைப்பாடு. ராகிக் கொல்லைக்குப் பன்றி வந்தால் பரணிலிருந்து வானத்தைப் பார்த்து ஒரு வெடி. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். அந்த நடையிலேயே ஒரு மிடுக்கு இருக்கும்.

இப்போது அதை வாங்க வருகிறவரிடம் முதலில் லைசென்ஸ் இருக்க வேண்டும். விற்பவர் கலெக்டருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும். 2019 சட்டத் திருத்தம் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மூன்று வைத்திருந்தவர்கள் ஒன்றைக் கழிக்க, பொருள் கூடியது, வாங்கும் கை குறைந்தது. பிஸ்டல் என்றால் இன்னும் மவுசு உண்டு, இரட்டைக்குழலுக்கு இல்லை. அது பிறந்த இங்கிலாந்திலேயே வீசி எறியும் களிமண் தட்டைச் சுடப் பழகும் இளசுகள் குழல் மேல் குழல் வைத்த மாடலைத்தான் கேட்கிறார்கள். பக்கத்துப் பக்கத்துக் குழல் பெரியவர்கள் சமாச்சாரம் ஆகிவிட்டது. இன்னொரு சிக்கல், அந்தக் காலத்துத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா உட்காரும் அறை 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கானது. இன்றைய 70 மில்லிமீட்டர் தோட்டாவைப் போட்டால் அழுத்தம் எகிறும். ஆக, சுடவும் யோசிக்க வேண்டும், லைசென்ஸ் இல்லாமல் சுவரில் மாட்டவும் முடியாது. எங்களுடையது டீலரின் பாதுகாப்பில் கிடக்கிறது, கட்டணம் நாங்கள் கட்டுகிறோம்.

இன்ஜின் கதை வேறு. அதற்கு எந்தத் தாளும் வேண்டாம். நிமிஷத்துக்கு 650 சுற்று, இரண்டு பெரிய ஃப்ளைவீல். பெல்ட் மாட்டினால் பம்பும் ஓடும், கரும்பு ஆலையும் ஓடும். இலவச மின்சாரம் வந்ததும் பாதி மதிப்பு போனது. மீதியைக் கொண்டுபோனது தண்ணீர். மேலே வைத்த பம்பு இருபத்தைந்தடிக்குக் கீழே உறிஞ்சத் திணறும். எங்கள் பக்கமோ போர்வெல் ஆயிரம் அடியைத் தொடுகிறது.

அதைப் பார்க்க இருவர் வந்தார்கள். ஓசூர்ப் பக்கம் ரிசார்ட் கட்டுகிறவர், சிவப்புப் பெயின்ட் அடித்துப் புல்தரையில் வைக்கக் கேட்டார். எனக்கு வயிறு எரிந்தது. இன்னொருவர் இருபத்து நான்கு வயதுப் பையன். விலையே பேசவில்லை, ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்கள் என்றார். ஹேண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்பியதும் அந்த டுக் டுக் சத்தத்தை போனில் பதிவு செய்துகொண்டு போனார். முதலீடு என்று பார்த்தால் மூன்றில் இதற்குத்தான் என் ஓட்டு. ஏறுமோ ஏறாதோ, பழைய இரும்புக் கடையின் எடை விலைக்குக் கீழே போகாது. துப்பாக்கிக்கு அப்படி ஒரு தரை கிடையாது. ஆள் கிடைக்காவிட்டால் சும்மா ஒப்படைத்துவிட்டு வர வேண்டியதுதான்.

ஆர்.எக்ஸ். 100ஐப் பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை. 1985இல் வந்து 1996இல் நின்ற 98 சிசி டூ ஸ்ட்ரோக். நல்ல வண்டிக்கு லட்சத்துக்கு மேல் பேசுகிறார்கள். போன் அடித்தவர்கள் எல்லாரும் நாற்பதை ஒட்டியவர்கள், பெங்களூர் சம்பளம். காலேஜ் வாசலில் எவனோ ஓட்டிப்போனதை ஏங்கிப் பார்த்தவர்கள். வாங்குகிறவர் ஒன்றைக் கவனிக்கட்டும்: இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், ஆர்.சி. புக் மூன்றும் பொருந்தாத வண்டிகள் நிறையச் சுற்றுகின்றன. என் கணக்கில் இந்த விலை உச்சத்தில் நிற்கிறது. ஏங்கிய கூட்டத்துக்கு வயதாகிறது. அதனால் வண்டியை உடனே விற்றோம், கிணற்றடி இன்ஜினை வைத்துக்கொண்டோம்.

அக்கா மகன் போச்சம்பள்ளியில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். மூன்றில் உனக்கு எது பிடிக்கும் என்று கேட்டேன். துப்பாக்கியை அவன் பார்த்ததே இல்லை, ஆர்.எக்ஸ். ஊரெல்லாம் இருக்கிறதாம். “அதெல்லாம் விடுங்க மாமா, ஆயா மளிகைக்குப் போவாங்களே, அந்த டி.வி.எஸ். 50 எங்க?” என்றான்.

1980இல் ஓசூரிலிருந்து கிளம்பிய முதல் மாடல். பத்து வருஷத்துக்கு முன்னால் நான்தான் அதைப் பழைய இரும்புக்குப் போட்டேன்.