ஆடும் பாவுகல்லுக்கு எது சரி: மணலா, சிமெண்டா, புதுக் கல்லா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் நம்மவர் வீடுகளில் கேட்டிலிருந்து வாசற்படி வரைக்கும், அப்புறம் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கத்து மாரியம்மன் மாடம் வரைக்கும் சிமெண்ட் பாவுகல் பதித்த பாதையை நிறையப் பார்க்கலாம். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற இடங்களில் பல வீட்டுக் கற்களுக்கு நாற்பது, ஐம்பது வயதாகிறது. ஒரு கல் தூக்கி நிற்கும், ஒன்று இறங்கிக் கிடக்கும், ஒன்று மிதித்தால் 'டொக்' என்று ஆடும். ஆடி மாதம் கூழ் ஊற்றும் நாளில் வெறுங்காலோடு, கையில் சூடான பானையோடு அந்தப் பாதையில்தான் போய்வர வேண்டும். காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கும் ஆயாவைக் கீழே தள்ள ஒரு சென்டிமீட்டர் மேடு போதும். வயதானவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிந்தால் அதன் பிறகு அந்த வீடு என்ன பாடுபடும் என்று எல்லோருக்கும் தெரியும். இதைச் சில்லறை வேலை என்று தள்ளிப்போடக் கூடாது.

வழி கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கல்லை எடுத்துவிட்டு மணல் போட்டு மறுபடி வை என்பார் ஒருவர். சிமெண்ட் கலவையில் பதித்துவிடு, ஜென்மத்துக்கும் அசையாது என்பார் இன்னொருவர். தூக்கி நிற்கும் ஓரத்தைக் கிரைண்டரால் தேய்த்துவிடு என்பவரும் உண்டு, மேலேயே கான்கிரீட் போட்டு மூடிவிடு என்பவரும் உண்டு. எல்லாவற்றையும் பெயர்த்துப் போட்டுவிட்டுப் புது இன்டர்லாக் கல் பதிக்கலாம் என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். கான்கிரீட் மூடியைத் தவிர மற்ற எல்லாமே ஏதாவது ஓர் இடத்துக்குச் சரியான வழிதான். எந்த இடத்துக்கு எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அதற்கு முன்னால் கல் ஏன் அசைந்தது என்று பார்த்துவிட வேண்டும். இங்கிலாந்துக்காரர்கள் எழுதியதைப் படித்தால் குளிரில் மண் உறைந்து கல்லைத் தூக்குகிறது என்று இருக்கும். டர்பனில் மண் உறைவதில்லை. இங்கே கல்லை அசைப்பது தண்ணீரும் களிமண்ணும் மர வேரும் எறும்பும். ஆண்டுக்குச் சுமார் 1000 மி.மீ. மழை, அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மி.மீட்டருக்கு மேல் பெய்தது. கடலோர மேடுகளில் இருக்கும், 'பெரியா' (Berea) என்று பெயருள்ள செம்மணல் தண்ணீர் பட்டால் இளகி அரித்துக்கொண்டு போகும். உள்ளே தள்ளிப் போனால் களிமண். அது மழையில் உப்பும், வறண்ட மாதங்களில் சுருங்கும். 1960களில் குன்றுகளில் எழுந்த சாட்ஸ்வொர்த்தில் இன்னொன்றும் உண்டு. சரிவில் இருக்கும் பல மனைகளில் ஒரு பக்கம் வெட்டிய மண், மறுபக்கம் கொட்டி நிரப்பிய மண். நிரப்பிய பக்கம் பல வருஷம் மெல்ல இறங்கும். பாதையில் ஒரே பக்கத்துக் கற்கள் வரிசையாகத் தாழ்ந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கூரைத் தண்ணீர்க் குழாய் இறங்கும் மூலையில் ஆடும் கல் ஒன்றைக் கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். மணல் இருந்த இடத்தில் கை நுழைகிற மாதிரி ஒரு பொந்து. அதன் ஓரமாகத் தண்ணீர் ஓடிய தடம் நெளிந்து போகும். நடுவில் மட்டும் ஒரு மண் திட்டு மிஞ்சி, முழுக் கல்லும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும். கல்லின் அடிப்பக்கத்தைத் திருப்பினால், அந்தத் திட்டு உரசிய இடம் வட்டமாகத் தேய்ந்து வழவழப்பாக இருக்கும். இப்படி இருக்கும்போது மேலே என்ன பூசினாலும் பயன் இல்லை. குழாய்த் தண்ணீரைப் பாதையைத் தாண்டி வெளியே விட ஒரு வளைவுக் குழாயோ சின்னக் கால்வாயோ போட்ட பிறகுதான் கல்லைத் தொட வேண்டும். குழாயே இல்லாத இடத்தில் மண் எப்போதும் ஈரமாக இருந்தால், வீட்டுக் குழாய்களை எல்லாம் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். அப்போதும் ஓடினால் மீட்டருக்கு இந்தப் பக்கம் எங்கேயோ கசிவு இருக்கிறது. முதலில் பிளம்பரைக் கூப்பிட வேண்டும்.

இனி ஒவ்வொரு வழியாக. சமதரைக்கு என் ஓட்டு மணலுக்குத்தான். 450 மி.மீ. சதுரமும் 50 மி.மீ. கனமும் உள்ள கல் சுமார் 23 கிலோ வரும், ஒருவரே தூக்கிவிடலாம். 600 மி.மீ. கல் என்றால் 40 கிலோவுக்கு மேல். அதற்குக் கட்டாயம் இரண்டு பேர் வேண்டும், முதுகோடு விளையாடக் கூடாது. கல்லை எடுத்து, இளகிய மண்ணைச் சுரண்டி, பள்ளம் ஆழமாக இருந்தால் கிரஷர் ஜல்லியைப் போட்டுத் திம்மிசால் நன்றாக இடித்து இறுக்குங்கள். அதன் மேல் 30 மி.மீ. அளவுக்குச் சொரசொரப்பான ஆற்று மணல். பூச்சுக்கு விற்கிற பொடி மணல் வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சேறாகிவிடும். மணலை மட்டப்பலகையால் இழுத்துவிட்டு, பக்கத்துக் கல்லைவிட நான்கைந்து மி.மீ. உயரமாகக் கல்லை வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி இறக்க வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்க்கும்போது முழு மட்டமாக இருக்கக் கூடாது. மீட்டருக்கு 15 மி.மீ. அளவு வீட்டிலிருந்து வெளிப்பக்கம் சரிய வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும்.

மணலின் பெரிய நன்மை, தவறினால் மறுபடி எடுக்கலாம். மண் இன்னும் கொஞ்சம் இறங்கினால் அந்த ஒரு கல்லை மட்டும் தூக்கி இரண்டு கரண்டி மணல் போட்டு வைத்தால் முடிந்தது. நிரப்பிய மண்ணிலும் களிமண்ணிலும் இது சின்ன நன்மை இல்லை. குறை என்றால், சரிவான பாதையில் மழை மணலை அடித்துக்கொண்டு போய்விடும். எறும்பும் அதில் சுலபமாகக் குடியேறும். பாதையின் இரண்டு ஓரத்திலும் கல்லோ கான்கிரீட் கட்டையோ அணைப்பாக இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் எல்லாம் பக்கவாட்டில் நகர்ந்துவிடும்.

சரிவான இடத்துக்கு நடுவழி ஒன்று இருக்கிறது: பத்துப் பங்கு மணலுக்கு ஒரு பங்கு சிமெண்ட், தண்ணீர் ஊற்றாமல் உலர்வாகவே கலந்து விரிப்பது. மண்ணின் ஈரத்திலேயே அது இறுகிக்கொள்ளும். மழை அரிக்காது, எறும்புக்கும் துளைப்பது கஷ்டம். பிறகு தூக்க வேண்டி வந்தால் கடப்பாரைக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை, ஆனால் கல் உடையாமல் வந்துவிடும். கேட்டிலிருந்து இறங்குகிற சாட்ஸ்வொர்த் பாதைகளுக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் பார்க்கவில்லை.

சிமெண்ட் கலவையில் முழுதாகப் பதிப்பதை எங்கே செய்ய வேண்டும் என்றால் படிகளில், படியை ஒட்டிய கல்லில், பாதையின் விளிம்பில். அங்கே கல் இம்மியும் அசையக் கூடாது. நான்கு பங்கு மணல், ஒரு பங்கு சிமெண்ட், பிடித்தால் உருண்டையாக நிற்கிற பதம். கல்லின் அடிப்பக்கத்தை நனைத்துச் சிமெண்ட் பால் தடவிவிட்டுப் பதித்தால் நன்றாக ஒட்டும். இரண்டு நாளாவது யாரும் மிதிக்கக் கூடாது, ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டு வைப்பது நல்லது. இதையே நீளமான பாதை முழுக்கச் செய்தால், அடியில் இறுக்கிய ஜல்லித் தளம் இல்லாத பட்சத்தில், களிமண் ஒரு சுற்று உப்பிச் சுருங்கியதும் கலவை வெடிக்கும், கூடவே கல்லும் வெடிக்கும். அப்போது தூக்கினால் கல் துண்டு துண்டாகத்தான் வரும்.

இதில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது, அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. கல்லின் நான்கு மூலைக்கும் நடுவுக்கும் ஐந்து உருண்டை கலவை வைத்து அப்படியே அமுக்கிவிடுவார்கள். வேலை சீக்கிரம் முடியும், சிமெண்டும் மிச்சம். ஆனால் உருண்டைகளுக்கு இடையில் வெற்றிடம். விசேஷத்துக்குச் சமைக்க 48 கிலோ கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனால் பாரம் அந்த வெற்றிடத்தின் மேல் விழுகிறது, கல் குறுக்கே பிளக்கிறது. மழைத் தண்ணீருக்கும் எறும்புக்கும் அது கட்டிக்கொடுத்த வீடு. வேலையாள் இப்படி வைப்பதைக் கண்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

கிரைண்டரால் தேய்ப்பது நாலைந்து மி.மீ. மேடு உள்ள, ஆடாத கல்லுக்கு மட்டும். வைரப் பிளேடு போட்டுத் தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்க்க வேண்டும். பறக்கும் கல் தூசி நுரையீரலைக் கெடுக்கும், முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். தேய்த்த இடத்தில் உள்ளிருக்கும் ஜல்லி தெரியும், நிறமும் மாறும். ஸ்லாஸ்டோ போன்ற அடுக்குக் கல்லில் இதைச் செய்யவே வேண்டாம், தகடு தகடாக உரிந்துவிடும்.

மேலே கான்கிரீட் ஊற்றுவதை நான் எதிர்ப்பதற்குக் காரணம் உண்டு. ஆடுகிற கல்லின் மேல் ஊற்றிய மெல்லிய அடுக்கு அதே இணைப்புகளின் வழியே விரிசல் விடும். வெடிக்காமல் நிற்க வேண்டும் என்றால் 75 மி.மீ. கனமாவது வேண்டும், அவ்வளவு போட்டால் பாதை உயர்ந்து, தரை ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கிற ஈரத்தடுப்பு அடுக்கை நெருங்கிவிடும். அந்த அடுக்குக்கும் வெளித் தரைக்கும் இடையில் 150 மி.மீ. இருக்க வேண்டும். அதை மூடினால் வரவேற்பறைச் சுவரில் பெயிண்ட் உப்பிக்கொண்டு வரும். நடைபாதையைச் சரி செய்யப் போய்ச் சுவருக்குச் செலவு வைத்த கதையாகிவிடும்.

வேர் தூக்கிய கல்லுக்கு வேறு கணக்கு. மாமரமோ அவகாடோவோ பக்கத்தில் இருந்தால், விரல் கனத்துச் சில்லுவேரை வெட்டலாம். கை கனத்து வேரை, அதுவும் அடிமரத்துக்குப் பக்கத்தில், வெட்டினால் காற்றுக்கு மரமே சாயலாம். அந்த இடத்தில் இரண்டு கல்லை எடுத்துவிட்டுக் கூழாங்கல் போடுங்கள், அல்லது பாதையைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டு போங்கள். மரம் முக்கியம், கல் வேறு கிடைக்கும்.

இரண்டாகப் பிளந்த கல்லை மாற்றுவதுதான் முறை. புதுக் கல் பளிச்சென்று தனியாகத் தெரியுமே என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு யோசனை. பின்பக்கம் துணி உலர்த்தும் இடத்தில் இருக்கும் பழைய கல்லை எடுத்து முன்பக்கம் போட்டுவிட்டு, புதியதைப் பின்னால் பதியுங்கள். மேல்பக்கம் மட்டும் பொரிந்து போன கல்லாக இருந்தால், அடிப்பக்கம் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக் கவிழ்த்துப் போடலாம், செலவே இல்லை. பாதி கற்களுக்கு மேல் உடைந்திருந்தால் மட்டும் இன்டர்லாக் பற்றி யோசிக்கலாம். அது சின்னச் சின்னக் கல் என்பதால் மண் அசைவுக்கு வளைந்து கொடுக்கும், ஆனால் ஜல்லித் தளமும் ஓர அணைப்பும் இன்னும் கவனமாக வேண்டும். செலவும் பல மடங்கு.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை டர்பனில் மழை குறைவு, மண் உலர்ந்திருக்கும். ஜூனில் ஆரம்பித்தால் ஆடிக் கூழுக்கு முன் முடித்துவிடலாம். தவறினாலும் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள், அதற்குப் பிறகு மழை வந்துவிடும். ஆள் வைத்துச் செய்வதானால், எத்தனை மீட்டர் என்று பேசுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எவ்வளவு ஆழம் தோண்டுவார், அடியில் எதைப் போட்டு எப்படி இறுக்குவார், கூரைத் தண்ணீரை எங்கே விடுவார். இணைப்புகளை நிரப்புவதற்கு முன் உங்கள் கையாலேயே ஏதாவது ஒரு கல்லைக் காட்டி, அதைத் தூக்கி அடியைக் காட்டச் சொல்லுங்கள். கல்லின் முழு அடிப்பக்கமும் மணலில் பதிந்த தடம் தெரிந்தால் மீதிப் பணத்தைக் கொடுத்துவிடலாம்.